அடிவரி வாசித்த சிறுவன்

பாடலில் சொல் முந்தியதா, இசை முந்தியதா என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை காண முற்பட்டோர் பலர். முடிவு கண்டோர் இலர். ஆனால், சொல்லை முற்றிலும் நீக்கிவிட்டு ஒரு பாடலை வாத்தியங்களிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டிய கடமை ஒருவருக்கு வந்து வாய்க்குமாயின், அவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடாது. எந்தச் சுரத்தைக் காப்பது, எதனைக் கைவிடுவது, யாரிடம் எதனைக் கொடுப்பது என்று தாளும் பென்சிலுமாக அமர்ந்து முடிவு செய்தாக வேண்டும். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் செல்லோ கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு அந்தக் கடமை வந்தது.

அப்பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில், மறைந்தோரை நினைவுகூரும் மாலைக் கூட்டம் ஒன்று நடைபெறும். 18 ஆண்டுகளாக அக்கூட்டத்தில் ஒரே பாடல் பாடப்பெற்று வந்தது; பாடியவரும் ஒருவரே. அவர் அப்பள்ளியின் குரலிசை ஆசிரியை. ஓர் ஆண்டு கோடை விடுமுறையில் அவர் நோயுற்று மறைந்தார். நவம்பர் நெருங்கியபோது, இனி அப்பாடலைப் பாடுவது யார் என்ற பேச்சு எழுந்தது. வேறொரு குரலில் அதனைக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. பாடலையே விட்டுவிடவும் மனம் வரவில்லை. இறுதியில் தலைமையாசிரியர் செல்லோ ஆசிரியரை அழைத்து, "சொற்கள் வேண்டாம், உங்கள் மாணவர் நால்வரும் அதை வாசிக்கட்டும்" என்றார். சொல்வது எளிதாயிற்று.

அப்பாடல் ஆங்கில இசைமேதை ஹென்றி பர்செல் இயற்றிய 'டைடோவும் ஏனியஸும்' என்னும் இசை நாடகத்தின் முடிவில், அரசி டைடோ பாடும் தனிப்பாடல். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை ஐரோப்பிய இசை வரலாற்றார் பரோக் காலம் என்பர். அக்காலத்து இசை நாடகங்களில் கதை ஓட்டம் சற்றே நிற்க, ஒருவர் தம் நெஞ்சைத் திறந்து பாடும் பாடலை 'ஆரியா' என்னும் இத்தாலியச் சொல்லால் குறிப்பர். கார்த்தேஜ் நகரத்து அரசி டைடோ, ட்ராய் நகரிலிருந்து கடல் கடந்து வந்த வீரன் ஏனியஸிடம் நெஞ்சைப் பறிகொடுத்தாள். அவன் அவளைப் பிரிந்து கப்பலேறினான். அவள் உயிர்விடத் துணிந்தாள். உரோமக் கவிஞர் வர்ஜில் தம் காப்பியத்தின் நான்காம் பகுதியில் பாடிய இக்கதையை, நாகம் டேட் என்னும் கவிஞர் ஆங்கிலத்தில் நாடகமாக்கித் தந்தார்.

இந்நாடகத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் உள்ள உறவு பழையது. லண்டன் செல்சிப் பகுதியில் ஜோசியாஸ் பிரீஸ்ட் என்னும் நடன ஆசிரியர் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில், 1689ஆம் ஆண்டளவில், மாணவியரே இதனை நடித்தனர். அதற்கென அச்சிடப்பெற்ற பாட்டுப் புத்தகம் இன்றும் சான்றாக இருக்கின்றது. பர்செல் தம் கைப்பட எழுதிய இசை ஏடோ கிடைக்கவில்லை. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய படியும், 1695ஆம் ஆண்டு தம் 36ஆம் வயதில் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின் யாரோ படியெடுத்ததே. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தோரின் வரலாற்றைப் படித்த தமிழ் மாணவருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. மூல ஏடு மறைந்தும் பாடல் மறையவில்லை. பள்ளி மாணவியர் பாடிய நாடகம், பள்ளி மாணவர் கைக்கே மீண்டும் வருவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

சொற்களை நீக்கி அதனை வாசிப்பதும் புதிய வழக்கமன்று. ஆண்டுதோறும் நவம்பர் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில், லண்டன் வைட்ஹால் வீதியில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன் நடைபெறும் சடங்கில், படைத்துறை இசைக்குழுக்கள் இப்புலம்பலைச் சொல்லின்றி வாசிப்பது மரபு. எனவே, செய்யத் தகுமா என்ற ஐயம் ஆசிரியருக்கு இல்லை. எவ்வாறு செய்வது என்பதே அவருடைய கவலை.

தமிழில் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள், இறந்தவனை எண்ணி இருப்பவர் பாடுபவை. டைடோவின் புலம்பலோ, போகின்றவள் இருக்கப்போகின்ற தோழியிடம் பாடுவது. தன்னை நினைவில் வைக்கச் சொல்கிறாள். தனக்கு நேர்ந்த கதியை நினைவில் வைக்க வேண்டா என்கிறாள். பொருள் இவ்வளவே. இச்சிறு பொருளைத் தாங்கி நிற்பது குரல் அன்று. குரலுக்குக் கீழே ஓடும் ஒரு வரி. ஆங்கிலத்தில் அதனைக் 'கிரவுண்ட் பேஸ்' என்பர். தமிழில் அடிவரி எனலாம்.

பாடல் 'ஜி மைனர்' என்று மேனாட்டார் வழங்கும் அமைப்பில் உள்ளது. ஜி என்னும் சுரத்தைச் சட்சமாகக் கொண்டு சொல்வதாயின், அடிவரி சட்சத்தில் தொடங்கும். அங்கிருந்து நிஷாதம் இரண்டையும் தைவதம் இரண்டையும் ஒன்றுவிடாமல் தொட்டு, படிப்படியாக இறங்கிப் பஞ்சமத்தை அடையும். பிறகு அதற்கும் கீழே உள்ள காந்தாரத்தில் விழுந்து, மத்திமம், பஞ்சமம் என்று அசைந்து, தொடங்கிய இடத்திற்கு ஒரு ஸ்தாயி கீழான சட்சத்தில் முடியும். இவ்வாறு இறங்கும் வரி புலம்பலுக்குரிய அடையாளமாகப் பர்செலுக்கு முன்பே நிலைபெற்றிருந்தது. இத்தாலியில் மான்டிவெர்டி 1638இல் வெளியிட்ட 'வனமங்கையின் புலம்பல்' நான்கே சுரங்கள் இறங்கும் அடிவரியின் மேல் அமைந்தது. பர்செல் அந்நான்கு சுரங்களுக்கு இடையில் உள்ள அரைப்படிகளையும் நிரப்பி, இறக்கத்தை இன்னும் மெதுவாக்கினார்.

மூன்று மூன்று அடிப்புகளாக ஐந்து தாளக் கட்டங்கள், இவ்வளவே அடிவரி. முன்னுரையாக ஒரு முறை, முற்பகுதிக்கு நான்கு முறை, பிற்பகுதிக்கு நான்கு முறை, குரல் ஓய்ந்தபின் இரண்டு முறை. ஆக 11 முறை அது வருகின்றது. கீழ்ச் சட்சத்தில் முடிந்த வரி, மேல் சட்சத்தில் மீண்டும் தொடங்கும். முடிந்த சுரமே அடுத்த முறைக்கு முதலாகும் இவ்வமைப்பை அந்தாதி என்றே சொல்லிவிடலாம். தம்புரா ஒலியோடு இதனை ஒப்பிடுவோர் உண்டு. அது முற்றும் பொருந்தாது. தம்புரா நிற்பது; அடிவரி நடப்பது. நடந்து நடந்து ஒரே இடத்திற்கு வந்து சேர்வது.

ஆசிரியர் கையில் இருந்தவை நான்கு செல்லோக்கள். செல்லோவின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று சட்ச பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்க்கப்பெறுபவை. கடைசித் தந்தி ஆண்குரலின் ஆழத்தைத் தொடும். முதல் தந்தியில் கை ஏற ஏறப் பெண்குரலின் உச்சத்தையும் எட்டலாம். அதனால்தான் வேறு வாத்தியத்தின் துணையின்றிச் செல்லோக்கள் மட்டுமே கூடி வாசிக்கும் வழக்கம் வேரூன்றியது. ஜெர்மனியில் ஜூலியஸ் கிளெங்கல் 1920இல் 12 செல்லோக்களுக்கென ஓர் இசைப்பாவை எழுதினார். பிரேசில் நாட்டு வில்லா லோபோஸ் 1938இல் தொடங்கி 1945இல் நிறைவு செய்த படைப்பொன்றில், ஒரு பெண்குரலுக்குத் துணையாகச் செல்லோக்களை மட்டுமே வைத்தார். பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் செல்லோக் கலைஞர் பன்னிருவர் 1972இல் தனிக் குழுவாகவே இயங்கத் தொடங்கினர். வழி இருந்தது. ஆனால் அந்தப் பெரியோர் நடந்த வழியில் பள்ளி மாணவர் நால்வர் நடக்க வேண்டும்.

முதலாவது இடர்ப்பாடு கணக்கில் வந்தது. பர்செல் எழுதியது குரல் ஒன்று, வயலின் பகுதிகள் இரண்டு, வயோலா ஒன்று, அடிவரி ஒன்று, ஆக ஐந்து. செல்லோக்களோ நான்கு. ஐந்தை நான்கில் அடக்க வேண்டுமாயின் ஒன்று போக வேண்டும். எதைப் போகவிடுவது? பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது, கீழே ஒலிக்கும் சுரமே மேலேயும் இரட்டித்து வருவதுண்டு, அதனை விட்டுவிடலாம், காது அதனைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால், முன்னே ஒலித்த ஒரு சுரம், மற்றவை மாறிய பின்னும் தான் மாறாமல் நின்று, அவற்றோடு உரசி, பிறகு ஒரு படி இறங்கித் தணியும் இடங்கள் உண்டு. அச்சுரங்களை விடலாகாது. பாடலின் வலி அவ்வுரசலில்தான் உள்ளது. ஆசிரியர் ஒவ்வொரு கட்டமாக எடுத்து, உரசும் சுரங்களை முதலில் வட்டமிட்டுக் காத்துக்கொண்டார். எஞ்சியவற்றுள்தான் கழிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது இடர்ப்பாடு உயரத்தில் வந்தது. முதல் படியில் அவர் மெட்டைப் பெண்குரல் பாடும் உயரத்திலேயே எழுதினார். மூத்த மாணவி 17 வயதினள். கட்டைவிரலையே தந்திமேல் ஊன்றி உயர்ந்த சுரங்களை வாசிக்கும் முறை அவளுக்குப் பழக்கமே. ஆயினும் பாடல் முழுவதும் அவ்வுயரத்திலேயே நின்றபோது கை சோர்ந்தது. சுருதி ஆங்காங்கே வழுவியது. கேட்போர் டைடோவுக்காக இரங்குவதை விட்டு, வாசிப்பவளுக்காக அஞ்ச வேண்டியதாயிற்று.

இரண்டாம் படியில் மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கினார். கை எளிதாயிற்று, ஒலியும் இதமாயிற்று. ஆனால் மெட்டு, துணைப் பகுதிகள், அடிவரி ஆகிய யாவும் ஒரே பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டன. ஒவ்வொரு சுரத்தினுள்ளும் பல மேற்சுரங்கள் அடங்கியுள்ளன. தாழ்ந்த பரப்பில் இரு சுரங்கள் நெருங்கி நின்றால், அவற்றுள் அடங்கிய மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலியை மங்கச் செய்யும். கூடத்தில் ஒலித்துப் பார்த்தபோது, நால்வரும் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

மூன்றாம் படியில், இடம் உண்டாக்கும் நோக்கத்தோடு அடிவரியையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். சட்சம் முதல் பஞ்சமம் வரை இறங்கத் தடையில்லை. அதற்கு அப்பால் காந்தாரத்தில் விழ வேண்டிய இடத்தில், செல்லோவின் கடைசித் தந்தியே தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றிக் காந்தாரத்தை மேலே தூக்கி எழுதினார். விழுந்துகொண்டே வந்த வரி நடுவில் துள்ளி எழுந்தது. அன்றிரவு அவர் அத்தாளை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எதனை இழந்தாலும் இழக்கக் கூடாதது எது என்பது அந்தத் தவற்றினால்தான் அவருக்குத் தெளிவாயிற்று. அடிவரி பர்செல் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். மற்றவை அதற்கேற்ப இடம் மாறட்டும்.

நான்காம் படி அம்முடிவிலிருந்து பிறந்தது. முற்பகுதியில் மெட்டு ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். அப்போது துணைப் பகுதிகள் பெரிதும் ஓய்ந்து, உரசும் சுரங்களை மட்டும் மெல்லத் தொட்டுச் செல்லும். பிற்பகுதியில் மெட்டு உண்மையான உயரத்திற்கு ஏறும். இடையில் உண்டாகும் வெளியைத் துணைச் செல்லோக்கள் இரண்டும் நிரப்பும். தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியவள், நினைவில் வைக்கச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் உயர்த்துவதுபோல் அது அமைந்தது. மூத்த மாணவியின் கைக்கும் ஓய்வு கிடைத்தது.

அடிவரி யாருக்கு என்பதில் ஐயமே எழவில்லை. நால்வருள் இளையவன் 13 வயதுச் சிறுவன். செல்லோ பயிலத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தியின் மேற்பகுதியில் கையை ஒரே இடத்தில் வைத்து வாசிப்பதே அவன் அறிந்தது. கையை நகர்த்தி ஏற இன்னும் பயிலவில்லை. அடிவரியின் சுரங்கள் யாவும் அந்த ஓர் இடத்திற்குள் அடங்கின. ஆசிரியர் நிறைவோடு அவன் பெயரைத் தாளின் தலைப்பில் எழுதினார்.

சிறுவனுக்கு நிறைவில்லை. முதல் ஒத்திகை முடிந்து மற்றவர் சென்றபின் அவன் நின்றான்.

"சார், எனக்கு வேறு பகுதி இல்லையா?"

"ஏன், இது பிடிக்கவில்லையா?"

"இது ஐந்தே கட்டம். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். என்னால் மற்றது முடியாது என்றுதானே இதைக் கொடுத்தீர்கள்?"

ஆசிரியர் மறுமொழி கூறுமுன் அவனே தொடர்ந்தான். "நான் அவருடைய பாடகர் குழுவில் இருந்தவன். அவர் பாடியது மெட்டைத்தானே. அதில் கொஞ்சமாவது வாசிக்கலாம் என்று நினைத்தேன்."

அவன் கூறியதில் பொய் இல்லை. அவனால் மற்றது முடியாது என்பது உண்மை. அதனால்தான் அப்பகுதி அவனுக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. அடிவரியே பாடலின் உயிர் என்று அவனுக்கு எடுத்துரைக்கலாம். ஆனால், எளிய வேலையைக் கொடுத்துவிட்டு அதனை உயர்த்திப் பேசுகிறார் என்றே அவன் கொள்வான். மாணவனின் ஆற்றலுக்கேற்ற பணியைக் கொடுப்பதும், அதனால் அவன் மனம் சுருங்காமல் காப்பதும் வகுப்பறையில் நிற்போர் அனைவரும் அறிந்த சிக்கலே. அது சொல்லால் தீர்வது அரிது. ஆசிரியர், "நாளை மறுநாள் ஒத்திகைக்கு வா, அதன்பின் உன் முடிவைச் சொல்" என்று மட்டும் கூறினார்.

அடுத்த ஒத்திகையில் அவர் சிறுவனை வில்லைக் கீழே வைக்கச் சொன்னார். மற்ற மூவரும் அடிவரியின்றி முற்பகுதியை வாசித்தனர். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அழுகை இல்லை. மெட்டு எங்கோ மிதந்து சென்றது. உரச வேண்டிய சுரங்கள் உரசுவதற்கு எதிர்ச்சுரமின்றி வெறும் இனிமையாக நின்றன. பாதியில் மூத்த மாணவியே நிறுத்திவிட்டாள். "எந்த இடத்தில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை" என்றாள். பிறகு ஆசிரியர் சிறுவனைத் தனியே வாசிக்கச் சொன்னார். ஐந்து கட்டம், ஒரே முறை. கீழ்ச் சட்சம் ஒலித்து அடங்கியபின் எவரும் பேசவில்லை. ஆசிரியரும் விளக்கம் எதுவும் கூறவில்லை.

சிறுவன்தான் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், ஒவ்வொரு விரலாகப் போய்விடுகிறது" என்றான்.

ஆசிரியர் அதனைக் கவனித்ததே இல்லை. நாற்பது ஆண்டுகள் செல்லோ வாசித்த கை அவருடையது. விரல்கள் தாமாகவே செல்லும். சிறுவன் கூறியபின்தான் பார்த்தார். மேல் சட்சத்தைச் சுண்டுவிரல் பிடிக்கின்றது. அதனை எடுத்தால் மோதிர விரலில் முதல் நிஷாதம். அதனையும் எடுத்தால் நடுவிரலில் அடுத்த நிஷாதம். பிறகு சுட்டுவிரலில் தைவதம். அச்சுட்டுவிரலையே பின்னுக்கு இழுத்தால் அடுத்த தைவதம். அதனையும் எடுத்துவிட்டால் தந்தி வெறுமையாகின்றது. விரலே இல்லாமல் பஞ்சமம் ஒலிக்கின்றது. ஒரு கை தான் பற்றியிருந்ததை ஒவ்வொரு விரலாக விடுவதுபோல் அந்த இறக்கம் அமைந்திருந்தது.

தேர்ந்த செல்லோக் கலைஞர் பலர் அவ்விடத்தில் வெறுந்தந்தியைத் தவிர்ப்பர். விரல் பட்டால்தான் சுரத்தைச் சற்றே அசைத்து அதற்கு வெம்மை ஊட்ட முடியும். வெறுந்தந்தி அசையாது, உருகாது. அதே பஞ்சமத்தை அடுத்த தந்தியில் விரல் வைத்து எடுப்பது அவர்களுக்கு எளிது. சிறுவனுக்கு அது தெரியாது. அவன் வாசித்த பஞ்சமம் மறைப்பின்றி, வெறுமையாக நின்றது. ஆசிரியர் அதனைத் திருத்தவில்லை. பரோக் காலத்து வாத்தியக் கலைஞர் வெறுந்தந்தியை ஒதுக்கியவர் அல்லர் என்பது அவருக்குத் துணையாயிற்று. ஆனால் உண்மைக் காரணம் அதுவன்று. அவ்வெறுமையே அங்கு வேண்டியிருந்தது.

அதன்பின் சிறுவன் வேறு பகுதி கேட்கவில்லை. ஆயினும் அவனுடைய வேலை எளிதாகிவிடவும் இல்லை. நான்கு கட்டமாகவும் எட்டுக் கட்டமாகவும் கேட்டுப் பழகிய காதுக்கு ஐந்து என்னும் எண்ணிக்கை பிடிபடுவதில்லை. அன்றியும், மெட்டு முடியும் இடமும் அடிவரி முடியும் இடமும் ஒன்றல்ல. அடிவரி முடிந்து மீண்டும் தொடங்கும்போது பாடுபவள் வாக்கியத்தின் நடுவில் இருப்பாள். அவள் வாக்கியம் முடியும்போது அடிவரி பாதி வழி சென்றிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று விட்டும் பற்றியும் செல்வதால்தான், 11 முறை வந்தும் அவ்வரி சலிப்பதில்லை. ஏழாவது முறையில் சிறுவன் தடுமாறினான். மூத்த மாணவி நீட்டி வாசித்த ஒரு சுரத்தில் மனம் ஒன்றி, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். எல்லாம் சரிந்தது.

"அவளுக்காக நீ காத்திருக்கக் கூடாது. அவள் வந்து சாய்வதற்கு நீ முன்பே அங்கு இருக்க வேண்டும்" என்றார் ஆசிரியர்.

சிறுவன் தன் தாளின் ஓரத்தில் 11 கோடுகள் கிழித்துக்கொண்டான். அன்று முதல் அவன் கண் அக்கோடுகளில் இருந்தது. காது மட்டும் மெட்டைக் கேட்டது.

மூத்த மாணவிக்கு வேறொரு தொல்லை. பிற்பகுதியில், நினைவில் வைக்கச் சொல்லும் இடத்தில், மெட்டு பஞ்சமம் ஒன்றையே திரும்பத் திரும்பத் தொடுகின்றது. பாடுபவருக்கு அங்கே சுரம் ஒன்றாயினும் அசைகள் வேறு. உதடும் நாவும் மாறி மாறி இயங்கி அந்த ஒரு சுரத்திற்குப் பொருள் தருகின்றன. சொற்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது கதவைத் தட்டுவதுபோன்ற ஒரே ஒலி. ஆசிரியர் அவளிடம் வில்லை எடுக்க வேண்டா என்றார். முதலில் அச்சொற்களைப் பேசச் சொன்னார். பிறகு பாடச் சொன்னார். அதன்பின் பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னார். இறுதியில் வாய்க்குள் மட்டும் பாடி வாசிக்கச் சொன்னார். எந்த அசை அழுந்துகின்றது, எது நழுவுகின்றது, எங்கே மூச்சு வாங்குகின்றது என்பவற்றை அவளுடைய வலக்கை மெல்லக் கற்றுக்கொண்டது. கீர்த்தனையை வயலினில் வாசிப்போர் சாகித்தியத்தை மனத்திற்குள் பாடிக்கொண்டே வில் போடும் மரபை அறிந்தவருக்கு இப்பயிற்சியின் பொருள் விளங்கும். சொல் போன இடத்தில் சொல்லின் உருவமாவது நிற்க வேண்டும்.

குரல் ஓய்ந்த பின்பு வரும் இறுதிப் பகுதியில் ஆசிரியருக்கு வேலையே இருக்கவில்லை. அங்கே அடிவரி இருமுறை வருகின்றது, பாடுபவர் இல்லை. வயலின் இரண்டு, வயோலா, அடிவரி என்று பகுதிகள் நான்கே. நான்கு செல்லோவுக்கு நான்கு பகுதி, கழிக்க எதுவுமில்லை. பாடல் நடந்தவரை ஐந்தை நான்காக்கத் தவித்தவருக்கு, பாடியவள் போனபின் கணக்குச் சரியாக வந்தது. அதனைத் தாளில் கண்டபோது அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் எழுதாமல் இருந்தார்.

அப்பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. அதுவரை அடிவரிக்கு மட்டும் உரியதாயிருந்த அரைப்படி இறக்கம், அங்கே மேற்பகுதிகளுக்கும் பரவுகின்றது. முதல் வயலினுக்கு எழுதியது உயரத்திலிருந்து அவ்வாறே இறங்கி வருகின்றது. மற்றவையும் அதனைத் தொடர்கின்றன. மெட்டை வாசித்த மூத்த மாணவி இப்போது சிறுவன் வாசித்ததையே வாசிக்க வேண்டும். ஒத்திகையில் அவள் அவன் பக்கம் திரும்பி, "நீ எப்படி இறங்குகிறாய், இன்னொரு முறை காட்டு" என்றாள். சிறுவன் காட்டினான்.

நவம்பர் மாத மாலை வந்தது. கூடம் நிறைந்திருக்கவில்லை, குளிரும் மழையும் பலரை வீட்டிலேயே நிறுத்தியிருந்தன. நால்வரும் அரைவட்டமாக அமர்ந்தனர். முன்பு அக்குரலிசை ஆசிரியை வழக்கமாக நின்ற இடத்தை அவர்கள் வெறுமையாக விட்டிருந்தனர். அப்படிச் செய்யுமாறு எவரும் சொல்லவில்லை. சிறுவன் தனியே தொடங்கினான். சுண்டுவிரல் முதலாக ஒவ்வொரு விரலும் எடுபட்டது. வெறுந்தந்தி ஒலித்தது. அதன்மேல் மெட்டு தாழ்ந்த குரலில் வந்து சாய்ந்தது.

வாசிப்பில் குறை இல்லாமல் இல்லை. உயர்ந்த சட்சத்தில் மூத்த மாணவியின் வில் ஒரு கணம் நடுங்கியது. துணைச் செல்லோ ஒன்று ஓரிடத்தில் முந்தியது. ஆனால் அடிவரி நிற்கவில்லை. அதனால் எதுவும் சரியவில்லை. பிற்பகுதியில் பஞ்சமம் திரும்பத் திரும்ப ஒலித்தபோது, முன்வரிசையில் இருந்த பழைய மாணவர் சிலரின் உதடுகள் அசைந்தன. மேடையில் எவரும் சொல்லைப் பாடவில்லை. கேட்டவர் நெஞ்சிலிருந்து அது தானே எழுந்து வந்தது. சொல் முந்தியதா, இசை முந்தியதா என்று வழக்காடுவோர் அக்கூடத்தில் இருந்திருப்பின், அன்று மட்டும் அவ்வழக்கை ஒத்திவைத்திருப்பர்.

பதினோராம் முறை முடிந்தது. கீழ்ச் சட்சம் வெறுந்தந்தியில் ஒலித்து, சிறுவன் வில்லை எடுத்த பின்னும் மரத்திற்குள் சற்று நேரம் நின்று அடங்கியது. கைதட்டல் எழவில்லை; அக்கூட்டத்தில் கைதட்டுவது வழக்கமன்று.

எல்லோரும் சென்றபின் ஆசிரியர் இசைத் தாள்களைத் திரட்டினார். சிறுவன் செல்லோவை உறையில் இட்டுக்கொண்டிருந்தான்.

"ஓராண்டில் உன் கை இன்னும் தேறிவிடும். அடுத்த நவம்பரில் மெட்டின் ஒரு பகுதியை உனக்கு எழுதித் தருகிறேன்" என்றார் அவர்.

சிறுவன் உறையின் பூட்டை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். "அப்படியானால் அடிவரியை யார் வாசிப்பார், சார்?" என்று கேட்டான்.

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. 11 கோடுகள் கிழித்த அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, மற்றவற்றை அதன்மேல் அடுக்கினார்.